இரண்டு விரற்கடை

உலக நாகரிகத்துக்குத் தமிழினம் வழங்கிய கொடைகளைப் பட்டியல் போட்டவர்கள் மொழி, கோயில், நீதி என்று எதையெதையோ எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். மேற்கு சிட்னி முத்தமிழ் மாண்பு மன்றத்தின் 'உடுப்புக் கண்காணிப்பு உபகுழு'வை ஒருத்தரும் எழுதவில்லை. இப்படியும் ஒரு அநியாயம் நடக்குமா? இத்தோடு அதைத் தீர்த்துவைத்துவிடுவோம்.

உபகுழுவின் தலைவி யோகராணி. வயது ஐம்பத்தைந்து. பகலில் நகரசபை அலுவலகத்தில் வேலி உயரங்களுக்கு அனுமதி கொடுப்பவர். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கமுடியாத உயரம் எது என்று தீர்மானிக்கும் தகைமையோடு மன்றத்துக்கு வந்தவரை வேறு எந்தப் பதவியில் போடமுடியும்? மன்றத்தின் ஆண்டுவிழாவுக்கு 'மாண்பு மாலை' என்று பெயர். பதினொரு வருடமாக அந்த விழாவில், மேடைக்கு ஏறும் படியருகே, ஒரு கதிரையைப் போட்டு யோகராணி உட்கார்ந்திருப்பார். மடியில் நீலநிறப் பிஸ்கட் டின். டின்னுக்குள் பிஸ்கட் இருக்காது என்பது தமிழ் வீட்டில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். ஊக்குகள் இருக்கும்.

ஆடவரும் பெண்கள் ஒவ்வொருத்தராக அவர் முன்னால் வந்து நிற்கவேண்டும். யோகராணி இரண்டு விரலைக் கழுத்தடியில் வைத்துப் பார்ப்பார்.

"ரெண்டு விரக்கடை ஏறவேணும்."

தலைகீழாக ஒரு ஊக்கு. அவ்வளவுதான். தமிழ்ப் பண்பாடு அன்றைக்கும் தப்பிப் பிழைத்துவிடும்.

"அன்ரி, மூச்சு விடேலாமல் கிடக்கு," என்று போன வருடம் ஒருத்தி முனகினாள்.

"பாட்டு மூண்டு நிமிசம்தானே. இறங்கி வந்து விடன்."

சும்மா சொல்லக்கூடாது, இந்தப் பதினொரு வருடத்தில் ஒருத்தியாவது மூச்சுமுட்டிச் செத்ததாகப் பதிவு இல்லை. வேறு எந்த மன்றம் இப்படிச் சொல்லிக்கொள்ளும்?

இந்த வருடம் மன்றத்துக்கு அரசாங்கத்திடமிருந்து 'பல்கலாசார நல்லிணக்க' உதவி கிடைத்தது. அதில் ஒரு நிபந்தனை இருந்தது. வேறொரு சமூகத்துக் கலைஞரும் மேடை ஏறவேண்டும்.

"நல்லிணக்கம் எண்டால் நல்லிணக்கம்தான்," என்றார் ஒன்பது வருடமாகத் தலைவராக இருக்கும் கணேசலிங்கம். "ஆரையாவது பிடியுங்கோ."

பிடிபட்டவர் அச்சோல் மாயென். தென்சூடான் பெற்றோருக்கு அகதி முகாமில் பிறந்து, சிட்னியின் பிளாக்டவுனில் வளர்ந்தவர். முப்பத்திரண்டு வயது. பகலில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியை. மாலையில் மேடைப் பாடகி. ஆளுயர வயலின் போல இருக்கும் செல்லோ என்ற வாத்தியத்தைக் கதிரையில் இருந்தபடி வாசித்து, கண்ணை மூடிக்கொண்டு, தன் தாய்மொழியான டிங்காவில் பாடுவார். இரண்டு இசைத்தட்டும் வெளியிட்டிருக்கிறார்.

கணேசலிங்கம் யோகராணியைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். "மண்டபத்திலை அறுநூறு கதிரை. நிரம்பிச்செண்டால் அடுத்த வருசம் நான் ஒதுங்கிறன். மன்றத்தின்ர முதலாவது பெண் தலைவர் நீங்கள்தான், தங்கச்சி."

யோகராணி அன்று வீட்டுக்குப் போகும் வழியில் பதவியேற்பு உரையின் முதல் பந்தியை மனதுக்குள் எழுதிமுடித்துவிட்டார். ஆசைதான், வேறென்ன? பதினொரு வருடம் படியருகே உட்கார்ந்தவருக்கு ஒருநாளாவது படி ஏறிப் பார்க்கவேண்டும் என்று இருக்காதா?

போஸ்டர் பற்றி முடிவெடுக்க நூலகத்துக் கூட்ட அறையில் செயற்குழு கூடியது. அச்சோல் அனுப்பியிருந்த படத்தைத் திரையில் போட்டார்கள். கருநீலச் சட்டை. கழுத்துவரை, மணிக்கட்டுவரை, கணுக்கால்வரை. பக்கத்தில் செல்லோ. யோகராணி பழக்கதோஷத்தில் இரண்டு விரலை உயர்த்தினார். வைக்க இடமில்லை. பதினொரு வருடத்தில் மன்றத்துக்கு வந்த முதல் குற்றமற்ற கழுத்து அதுதான்.

செயற்குழுவின் முகம் விழுந்துவிட்டது.

"இதென்ன, பாதிரியாரின்ர தங்கச்சி மாதிரி இருக்கு," என்றார் கணேசலிங்கம். "இதைப் பாத்து ஆர் ரிக்கெற் எடுப்பினம்?"

செயலாளர் நித்தியானந்தன் தொண்டையைச் செருமினார். மன்றத்தின் புகைப்படக்காரரும் அவர்தான், சிந்தனையாளரும் அவர்தான். "நான் இவையின்ர இசைமரபை ஆராய்ஞ்சனான். நூற்றி நாப்பது காணொளி பாத்தாச்சு. ஒண்டிலையாவது ஒருத்தி இப்பிடி இருக்கேல்லை. இடுப்பில்லாமல் இவையின்ர இசையே இல்லை."

"நூற்றி நாப்பதையும் கேட்டனீங்களோ?" என்றார் கணேசலிங்கம்.

"கேக்கேல்லை. வீட்டிலை பிள்ளையள் படிக்கிற நேரம். சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுப் பாத்தனான்."

இசையைச் சத்தமில்லாமல் ஆராய்வதற்கு எவ்வளவு ஒருமுகப்பட்ட மனம் வேண்டும் என்று குழு வியந்தது.

தமிழ்நாட்டு அங்கத்தவர்களின் பிரதிநிதி கல்யாணசுந்தரம் இதை வழிமொழிந்தார். "கரெக்ட் சார். நம்ம சினிமாவுல ஹீரோ ஃபாரின் போயிட்டார்னு எப்படிக் காட்டுவாங்க? ஒரு கிளப். நடுவுல ஹீரோ. சுத்தி இவங்க நாலு பேர், கால்வாசி டிரெஸ்ல. அவங்க பேரு டைட்டில்ல வராது, முகம் கூட ஒழுங்கா வராது. ஆனா அவங்க இல்லன்னா அந்தப் பாட்டே இல்ல. எவ்ளோ பெரிய அங்கீகாரம் பாருங்க!"

இப்போது எல்லாரும் யோகராணியைப் பார்த்தார்கள். உடுப்பு விஷயம் அல்லவா, உபகுழுவின் தீர்ப்பு வேண்டும்.

யோகராணி அறுநூறு கதிரையை நினைத்தார். பிறகு சொன்னார்: "எங்கட விதி எங்கட பிள்ளையளுக்கு. அது அவையின்ர கலாசாரம். மற்றச் சனத்தின்ர கலாசாரத்தை நாங்கள் மதிக்கத்தான் வேணும்."

போஸ்டர் செய்யும் தனோஜன் மெதுவாகக் கையை உயர்த்தினான். இருபத்தாறு வயது, கணினி வேலை, மன்றத்துக்குச் சம்பளமில்லாத தொண்டன். "பட் அன்ரி, அவா அனுப்பின படத்திலை ஃபுல்லா மூடித்தானே இருக்கிறா?"

"அவா எங்களுக்கு மரியாதை தந்து மூடியிருக்கிறா. நாங்கள் அவவுக்கு மரியாதை குடுத்து அதைக் கொஞ்சம் எடுத்துவிடுறம்."

கை தட்டினார்கள். தீர்மானம் நான்கு: 'கலைஞரின் இயல்பான பண்பாட்டு ஆற்றல் வெளிப்படும் வகையில் படத்தைச் செம்மைப்படுத்தல்.'

இதில் ஒரு சிக்கல் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் இணையத்திலிருந்து ஒரு படத்தைச் சொல்லாமல் எடுத்து, வழக்கறிஞர் கடிதம் வந்து, மன்றம் நடுங்கிப்போயிருந்தது. அன்றிலிருந்து ஒரே விதி. வெளிப்படம் கூடாது, மன்றத்தின் சொந்தச் சேகரிப்பில் இருக்கும் படங்களைத்தான் பாவிக்கவேண்டும். தனோஜன் "பாக்கிறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போஸ்டர் வந்தது. அடேயப்பா! தலை அச்சோலுடையது. மூடியிருந்த கண்ணைத் திறந்து, உதட்டுக்குச் சிவப்புப் பூசியிருந்தது. கழுத்துக்குக் கீழே வேறொரு உலகம். இரண்டு கையும் மேலே, இடுப்பு ஒரு பக்கம் வெட்டி, சிறுத்தைத்தோலில் இரண்டே இரண்டு துண்டுத் துணி. செல்லோவைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் நெருப்பு எரிந்தது. மேலே கொட்டை எழுத்தில்: 'காட்டுப் புயல்! வெப்பம் நிச்சயம்!' அச்சோல் அறிந்த காடு பிளாக்டவுன் ரயில் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தோடு முடிந்துவிடுகிறது என்பதைக் குழு பொருட்படுத்தவில்லை.

வலது தோளில் என்னவோ ஒன்று மினுங்கியது.

"அது ஆபிரிக்க ஆபரணம்," என்று நித்தியானந்தன் விளக்கம் கொடுத்தார். "கன்னிப் பெண்கள் தோளிலை குத்துவினம். இனக்குழுவுக்கு இனக்குழு வித்தியாசம்."

யோகராணி படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடியைப் போட்டு, கழுத்தடியைக் கடமையுணர்வோடு பார்த்தார்.

"தம்பி, ரெண்டு விரக்கடை இறக்கலாம்."

"ஷுவரா அன்ரி?"

"இறக்கு. அவைக்கு இதெல்லாம் சாதாரணம்."

பதினொரு வருடம் ஏற்றிய கை. இறக்குவதும் அதற்கு எவ்வளவு சுலபமாக வந்தது!

அன்று அவருடைய கணவர் இளங்கீரன் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றவர், மேசையில் கிடந்த போஸ்டரைக் கண்டு கேத்திலைக் கீழே வைத்தார். கிட்டப்போய்ப் பார்த்தார். தலையைச் சரித்துப் பார்த்தார்.

"எங்கையோ பாத்த மாதிரி இருக்கு," என்றார்.

"வெக்கமில்லையே உங்களுக்கு? அறுபது வயசிலை!"

"இல்லையப்பா, உண்மையா. இந்த நிக்கிற நிலை..."

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போய்ப் புல்லு வெட்டுங்கோ."

முப்பது வருட மணவாழ்க்கையில் இளங்கீரன் சரியாகச் சொன்ன ஒரேயொரு விஷயம் அப்படிப் புல்லோடு போனது.

வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கடைக் கண்ணாடிகளில் எல்லாம் 'காட்டுப் புயல்' ஏறியது. கொத்துரொட்டிக்கு நிற்கும் அங்கிள்மார் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றார்கள். கணேசலிங்கம் தன் காரின் பின்கண்ணாடியிலும் ஒன்றை ஒட்டினார். ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போகும்போது மட்டும் அதன்மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினார். தெய்வத்துக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா! முதல் கிழமையிலேயே நானூறு ரிக்கெற் போய்விட்டது. யோகராணி பதவியேற்பு உரையின் இரண்டாம் பந்திக்கு வந்திருந்தார்.

அந்தக் கிழமையே அச்சோலிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. 'இது நான் அனுப்பிய படம் இல்லை. இது என் உடம்பும் இல்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். என் அம்மா வெண்டிக்காய் வாங்கப் போன கடையில் இதைப் பார்த்துவிட்டு, வாங்காமல் திரும்பி வந்தார்.'

மன்றம் பதில் போட்டது: 'தங்கள் கருத்து பெறப்பட்டது. உரிய உபகுழுவின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும்.'

உரிய உபகுழு யோகராணி. மின்னஞ்சல் அவருடைய கைப்பேசியில் இருந்தது. 'இன்னும் எழுபது ரிக்கெற் போனபிறகு பார்ப்போம்' என்று நினைத்தார். எழுபதும் போனது. அவர் பார்க்கவில்லை.

இரண்டாவது மின்னஞ்சலில் அச்சோல், பள்ளிக்கூடத்து வாசலில் ஒரு மாணவனின் தகப்பன், "மிஸ், உங்களுக்கு இப்படியும் ஒரு பக்கம் இருக்கிறது தெரியாமல் போச்சே," என்று சிரித்ததை எழுதியிருந்தார். பள்ளிக்கூட அதிபர் கூப்பிட்டு விசாரித்ததையும் எழுதியிருந்தார். மன்றம் அதே பதிலை மறுபடி அனுப்பியது. இந்த முறை 'மதிப்புமிக்க' என்ற சொல்லைச் சேர்த்திருந்தது. மூன்றாவது கிழமை அச்சோல் நேரில் வந்தார்.

செயற்குழு வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அதே கருநீலச் சட்டை. கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். குழுவிலிருந்த ஆண்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள், பிறகு சுவரிலிருந்த போஸ்டரைப் பார்த்தார்கள். ஏதோ மோசம் போன மாதிரி அவர்களுக்கு இருந்தது.

ஆங்கிலத்தில்தான் பேசினார். தமிழில் சொன்னாலும் அதில் ஒன்றும் குறையாது.

"நான் செல்லோ வாசிக்கிறேன். நீங்கள் அதை எடுத்துவிட்டு நெருப்பு வைத்திருக்கிறீர்கள். ஏன்?"

நித்தியானந்தன் சட்ட நுணுக்கத்தோடு முன்வந்தார். "மேடம், இது உங்கள் உடம்பு இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உடம்பே இல்லாதபோது உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"பார்த்த எல்லாரும் அது நான்தான் என்று நம்பினார்கள். ஒருத்தர்கூட 'இருக்காதே' என்று சந்தேகப்படவில்லை. அதுதான் பாதிப்பு." பிறகு சுவரைக் காட்டிக் கேட்டார்: "சரி, இது யாருடைய உடம்பு?"

மூன்று கிழமையாக ஊரே பார்த்த உடம்பு. யாருடையது என்று ஒருத்தரும் கேட்டதில்லை.

"என்னிடம் நீங்கள் கேட்கவில்லை. அந்தப் பெண்ணிடமாவது கேட்டீர்களா? அவருக்கும் ஒரு அம்மா இருப்பார். யார் அவர்?"

"தனோஜன், ஆர் அது?" என்றார் கணேசலிங்கம்.

"தெரியாது அங்கிள். எங்கட ஆர்கைவ்ஸிலை இருந்ததுதான். லேயர் எல்லாத்தையும் கழட்டினால் ஒரிஜினல் தெரியும்."

மடிக்கணினியைத் திரையோடு பொருத்தி ஒவ்வொன்றாகக் கழற்றினான். முதலில் அச்சோலின் தலை போனது. பிறகு நெருப்பு. பிறகு சிறுத்தைத்தோல். பிறகு பூசியிருந்த தோல்நிறம். இதென்ன கூத்து! உரிக்க உரிக்க உடுப்பு கூடிக்கொண்டே போனது. நீளக் காற்சட்டை வந்தது. வெள்ளை ரீசேட் வந்தது. அதன்மேல் ஒரு பச்சைத் துணி, துணியில் 'ஜி.ஏ.' என்று இரண்டு எழுத்து. வலைப்பந்தில் கூடைக்குள் பந்து போடும் கோல் அட்டாக்கின் அடையாளம். உயர்ந்த கைகளின் முடிவில் ஒரு பந்து.

தோளிலிருந்த 'ஆபிரிக்க ஆபரணம்' மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. பச்சைத் துணியின் நாடா அறுந்ததற்குக் குத்திய ஊக்கு. தலைகீழாக, வாய் உட்பக்கம் பார்க்கக் குத்தியிருந்தது. அப்படி ஊக்குக் குத்தும் ஆள் இந்தக் கண்டத்திலேயே ஒருத்தர்தான்.

பத்து வருடத்துக்கு முந்திய தைப்பொங்கல் விளையாட்டு விழா. நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான வலைப்பந்துப் போட்டி. யோகராணி பதினேழு கோல் போட்டார். இளங்கீரன் ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்தினார். யோகராணியின் வாழ்க்கையில் உடம்பைப் பற்றி ஒரு நினைப்பும் இல்லாமல் துள்ளிய ஒரேயொரு பின்னேரம் அது.

யோகராணியின் கையிலிருந்த வடை மேசையில் விழுந்தது. "அது... அது நான்," என்றார்.

கணேசலிங்கம் கதிரையிலிருந்து எழும்பினார். "படத்தை மூடு! மூடு எண்டெல்லோ சொல்லுறன்!" மூன்று கிழமையாக அந்த உடம்பைக் கண்ணால் அளந்த அத்தனை பேரும் இப்போது கூரையில் ஒட்டடை இருக்கிறதா என்று ஆராய்ந்தார்கள். கல்யாணசுந்தரம் "ஐயோ, முருகா" என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். திரையில் அப்போது இருந்தது கழுத்திலிருந்து கால்வரை மூடிய ஒரு பெண்.

"தலையைப் பாத்து உனக்கு ஆரெண்டு தெரியேல்லையே?" என்று கேட்டார் யோகராணி.

"தலை இல்லை அன்ரி. ஒரிஜினல்லையே இல்லை." தனோஜன் திரையைக் காட்டினான். படம் கழுத்தோடு வெட்டுப்பட்டிருந்தது. "நித்தி அங்கிள் எடுத்த படம் எல்லாம் இப்பிடித்தான். இருநூறு இருக்கு. லேடீஸின்ர படத்திலை மட்டும் தலை வாறேல்லை."

நித்தியானந்தன் தண்ணீர் குடித்தார்.

யோகராணிக்கு இன்னும் ஒன்று கேட்கவேண்டியிருந்தது. கேட்காமல் விட்டிருக்கலாம். "நிறம் எப்பிடி மாத்தினனி?"

தனோஜன் நிலத்தைப் பார்த்தான். "மாத்தேல்லை அன்ரி. உங்கட கையிலை இருந்த கலரை எடுத்துத்தான் மற்ற இடத்துக்குப் பூசினனான். மாத்தத் தேவைப்படேல்லை."

முப்பது வருடத்துக்கு முன் யோகராணிக்கு மாப்பிள்ளை தேடிய விளம்பரத்தில் 'பொதுநிறம்' என்று போட்டிருந்தார்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் இவ்வளவு காலமும் கண்ணாடி பார்த்து வந்தார்.

அந்த அறையில் முதலில் அவரிடம் வந்தவர் அச்சோல். பள்ளிக்கூடத்துத் தமிழ்ப் பிள்ளைகளிடம் பழகிய சொல்லால், "ஐ ஆம் சொறி, அன்ரி," என்றார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். யோகராணிக்கு நிலம் பிளந்து தான் உள்ளே போய்விட்டால் நல்லது என்று இருந்தது. மூன்று கிழமை அச்சோலின் மின்னஞ்சல் தன் கைப்பேசியில் கிடந்தும் அவர் சொல்லாத சொல் அது.

அச்சோல் போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "நான் வந்து பாடுவேன். அம்மா தன் தேவாலயத்துப் பெண்கள் இருபது பேரைக் கூட்டிவருகிறார். ஆனால் மேடையில் யாராவது ஒருத்தர் உண்மையைச் சொல்லவேண்டும். அதுவரை செல்லோவின் வில்லைத் தூக்கமாட்டேன்."

அதன்பிறகு மன்றம் எடுத்த நடவடிக்கையின் வேகத்தைப் பொன்னெழுத்தில் பொறிக்கவேண்டும். நாலு பத்துக்குத் தொடங்கினார்கள். நாலு ஐம்பதுக்கு வென்ட்வேர்த்வில்லில் ஒரு போஸ்டர் இல்லை. கணேசலிங்கம் தானே ஏணி வைத்து ஏறிக் கிழித்தார். 'தமிழ்ப் பெண்மைக்கு இழைக்கப்பட்ட கொடுமை' என்று அவசரத் தீர்மானம் போட்டார்கள். அச்சோலின் மூன்று கிழமை முறைப்பாட்டுக்கு அசையாத பசை, ஒரு வலைப்பந்துப் படத்துக்கு நாற்பது நிமிடத்தில் இளகிவிட்டது.

"மன்றம் உங்களிட்டை எழுத்திலை மன்னிப்புக் கேக்குது, தங்கச்சி," என்றார் கணேசலிங்கம்.

"அச்சோலிட்டை?"

"அவவிட்டை ஏன்? உடம்பு அவவின்ர இல்லையே."

"தலை அவவின்ர தானே?"

"தலைக்கு ஒரு சேதமும் இல்லை. நல்லாத்தானே வந்திருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இது இந்த அறையை விட்டு வெளியிலை போகக்கூடாது. மேடையிலை 'தொழில்நுட்பக் கோளாறு' எண்டு நான் ஒரு சொல்லிலை முடிச்சுவிடுறன். உங்கட மானம் எங்கட மானம். அடுத்த வருசம் தலைவர் கதிரை உங்களுக்குத்தான். வாயை மட்டும் திறந்துபோடாதையுங்கோ."

யோகராணி தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? அறுநூறு பேருக்கு முன்னால் போய், பார்த்தீர்களே, அது நான்தான் என்று சொல்லவா முடியும்? இளங்கீரனுக்குக்கூட அவர் சொல்லவில்லை. இளங்கீரன் மட்டும் அன்று முதல் சும்மா சும்மா சிரித்துக்கொண்டு திரிந்தார்.

மாண்பு மாலை. மண்டபம் நிரம்பி வழிந்தது. யோகராணி படியருகே தன் கதிரையில், மடியில் டின்னோடு இருந்தார். மூன்றாவது வரிசையில் வெள்ளை உடுப்பில் இருபது பெண்கள், நடுவே அச்சோலின் அம்மா. கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் இருந்தார்.

அச்சோல் கருநீலச் சட்டையில் வந்து, செல்லோவை நிறுத்தி, கதிரையில் இருந்தார். கணேசலிங்கம் ஒலிவாங்கியைப் பிடித்து, "சிறியதொரு தொழில்நுட்பக் கோளாறு காரணமாக, விளம்பரத்தில் சில வண்ண மாறுபாடுகள்..." என்று சொல்லி இறங்கினார்.

அச்சோல் வில்லை மடியில் வைத்தபடி இருந்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அறுநூறு பேர் இருமத் தொடங்கினார்கள்.

முன்வரிசையில், மன்றத்தின் புரவலர்களில் ஒருவர், பெரிய வைத்தியர், பட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டு உரக்கக் கேட்டார்: "இவா சரி. போஸ்டரிலை நிண்ட பிள்ளை எப்ப வாறா?"

முன்வரிசை முழுக்கச் சிரித்தது. பின்வரிசையும் சேர்ந்துகொண்டது. மூன்றாவது வரிசையில் அச்சோலின் அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் எழும்பி, போவதற்காகக் கைப்பையைத் தோளில் போட்டார்.

அதைத்தான் யோகராணியால் தாங்கமுடியவில்லை. எழும்பினார். டின்னைக் கதிரையில் வைத்தார். மன்றத்தின் முதலாவது பெண் தலைவர் பதவியையும் அதன் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் படி ஏறினார். கணேசலிங்கம் "தங்கச்சி, வேண்டாம்" என்று வாயசைத்தது தெரிந்தது.

ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"டொக்டர், நீங்கள் கேட்ட பிள்ளை வந்திட்டா. நான்தான் அது."

சிரிப்பு நின்றது.

"தலை இவவின்ர. இவவிட்டைக் கேக்காமல் வெட்டினது. உடம்பு என்ர. பொங்கல் விழாவிலை நெற்போல் விளையாடேக்கை எடுத்தது. நாப்பத்தஞ்சு வயசு, கோல் அட்டாக். கழுத்தை ரெண்டு விரக்கடை இறக்கச் சொன்னதும் நான்தான். இந்தப் பிள்ளையின்ர உடம்பு எண்டு நினைச்சுச் சொன்னனான். மூண்டு கிழமை இவா எழுதி எழுதிக் கேட்டவா, நான் பாக்கேல்லை." அச்சோலின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தில், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். மூன்றாவது வரிசையைப் பார்த்தும் அதையே சொன்னார். அச்சோலின் அம்மா நின்றபடியே கேட்டார். பிறகு கதிரையில் இருந்தார்.

யோகராணி மறுபடி முன்வரிசைக்குத் திரும்பினார்.

"சரி, வைச்ச கண் வாங்காமல் பாத்தனீங்கள் எல்லாரும் இப்ப பாருங்கோ. நிக்கிறன். தலையும் இருக்கு."

ஒருத்தரும் பார்க்கவில்லை. வைத்தியர் சால்வை நுனியில் நூல் எண்ணினார். நித்தியானந்தன் புகைப்படக்கருவியைக் கதிரைக்கடியில் தள்ளினார். எங்கோ பின்னாலிருந்து இளங்கீரன் மட்டும் கை தட்டினார். அச்சோல் கண்ணை மூடி வில்லைத் தூக்கினார்.

அன்றைய மாண்பு மாலை பற்றி மன்றத்தின் ஆண்டறிக்கை பெருமையோடு இப்படிக் குறிப்பிடுகிறது: 'உடுப்புக் கண்காணிப்பு உபகுழுவின் டின் திறக்கப்படாமலேயே, மண்டபத்தில் பூரண ஒழுக்கம் நிலவியது.' உண்மைதான். அறுநூறு பேர் ஒரு பாட்டை முதன்முறையாகக் கண்ணைத் தாழ்த்திக் காதால் கேட்டார்கள். பதினொரு வருடமாகப் பெண்களின் கழுத்தில் குத்தித் தீர்த்த அத்தனை ஊக்கும் முன்வரிசையின் இமைகளுக்கு உரியவை என்பதை மட்டும் அறிக்கையில் சேர்க்க மறந்துவிட்டார்கள்.